வாளியைத் தூக்கும் முன் மண்ணைத் தொடுங்கள்: ஊவா வெயிலில் வாடும் வீட்டுத்தோட்டத்துக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

ஜூலை பிறந்துவிட்டால் மலைக்கு அந்தப் பக்கம், வட்டவளை கினிகத்தேனைப் பக்கமெல்லாம், படங்கைச் சுற்றிக்கொண்டு மழையில் நனைந்தபடி கொழுந்து எடுப்பார்கள். இந்தப் பக்கம் பதுளை, ஹாலிஎல, பசறை, பண்டாரவளையில் பீலித் தண்ணீர் (ஊற்றிலிருந்து குழாய் வழியாக விழுவது) சுண்டுவிரல் தடிப்புக்கு இறங்கியிருக்கும். இரண்டுக்கும் காரணம் ஒரே தென்மேற்குக் காற்று. மேற்குச் சரிவில் மழையை இறக்கிவிட்டு, மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது சூடேறிக் காய்ந்துபோய் வருகிறது. மட்டக்களப்பில் கச்சான் என்று திட்டுவது இதைத்தான். ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏறுவதும் இந்தக் காய்ந்த காற்றில்தான் என்பதால் ஸ்டோர்க்காரருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்காரருக்கு, சந்தோஷம். தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி போட்டு, பீலியிலிருந்து வாளி வாளியாக மேலே சுமக்கிற நமக்கு அந்தச் சந்தோஷம் இல்லை.

ஹட்டன், நுவரெலியா பக்கத்து ஆட்களுக்கு இதே பாடு ஜனவரியிலிருந்து மார்ச் வரை வரும். மாதம்தான் வேறு, வைத்தியம் ஒன்றுதான்.

கீழே உள்ளது நோய்க்குறியைப் பார்த்துத் தேடிக்கொள்கிற மாதிரி எழுதியது. உங்கள் செடிக்கு எது பொருந்துகிறதோ அதற்குப் போங்கள். ஆனால் எதற்குப் போனாலும் முதலில் ஒரு வேலை: நடுவிரலைச் செடிக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் இரண்டாவது கணு வரை விடுங்கள். உள்ளே குளிர்ச்சியாக, விரலில் மண் ஒட்டினால் தண்ணீர் இருக்கிறது; பிரச்சினை வேறு. உள்ளேயும் மாவு மாதிரி உதிர்ந்தால் தாகம். செடி வாடியதுமே வாளியைத் தூக்குகிற பழக்கத்தால் நான் வீணாக்கிய தண்ணீரில் இன்னொரு தோட்டமே போட்டிருக்கலாம்.

மத்தியானம் தொங்குகிறது, பொழுது சாய்ந்ததும் நிமிர்கிறது

பூசணி, வெள்ளரி, சவ்சவ் மாதிரி அகல இலைக்காரர்கள் செய்யும் நாடகம் இது. வேர் உறிஞ்சுவதை விட வேகமாக இலை தண்ணீரை இழக்கிறது, அதனால் தொங்கவிடுகிறது. மாலை 6 மணிக்குப் பாருங்கள், மறுநாள் விடிந்ததும் பாருங்கள். நிமிர்ந்திருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். காலையிலும் தொங்கிக்கொண்டிருந்தால் அது உண்மையான தாகம், அன்றைக்கே ஊற்றுங்கள்.

ஊற்றும்போது தினமும் ஒரு கோப்பை தெளித்துவிட்டு வருவதை நிறுத்துங்கள். மேல் மண் மட்டும் நனைந்தால் வேரும் மேலேயே சுற்றிக்கொண்டு நிற்கும், ஒரு நாள் தவறினால் படுத்துவிடும். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை, ஒரு சாண் ஆழம் நனைகிற மாதிரி, விடியற்காலையில் அடிமண்ணில் ஊற்றுங்கள். மணற்பாங்கான மண் என்றால் இடைவெளியைக் கொஞ்சம் குறைக்க வேண்டியிருக்கும்.

மண் ஈரமாக இருக்கிறது, ஆனாலும் வாடுகிறது

இதில்தான் நான் நன்றாக அடி வாங்கினேன். முதல் வருடம் 14 தக்காளிச் செடி. பச்சையாக இருந்தபடியே ஒன்று தொங்கியது, இலை மஞ்சளாகக்கூட மாறவில்லை. தண்ணீர் போதவில்லை என்று இன்னும் இரண்டு வாளி. இரண்டு நாளில் பக்கத்துச் செடி, அப்புறம் வரிசையாகக் கீழ்ப்பாத்தி வரை. நான் ஊற்றிய தண்ணீர்தான் நோயைக் கீழே கொண்டுபோயிருக்கிறது.

பக்டீரியா வாடல் நோயா என்று வீட்டிலேயே பார்க்கலாம். வாடிய செடியின் தண்டை அடிப்பக்கமாக ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடிக் கிளாசில் வெட்டுவாய் தண்ணீரைத் தொடுகிற மாதிரி அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நிறத்தில் நூல் மாதிரி இறங்கினால் அதுதான். மருந்து கிடையாது. கடையில் எதையாவது கொடுத்தால் வாங்காதீர்கள். செடியை வேரோடும் வேரைச் சுற்றிய மண்ணோடும் உரப்பையில் போட்டு வெளியே எடுங்கள், கொம்போஸ்ட் குழிக்குப் போட வேண்டாம். மண்வெட்டியைக் கழுவுங்கள், கழுவிய தண்ணீரையும் பாத்திக்கு விடாதீர்கள். அந்த இடத்தில் சில வருடங்களுக்குத் தக்காளி, உருளைக்கிழங்கு, கத்தரி, மிளகாய் எதுவும் வேண்டாம். கோவா, போஞ்சி, சோளம் போடலாம். சரிவில் இருக்கிற நமக்கு இன்னொரு விதி: நோய் வந்த பாத்தி மேலே இருந்தால் கீழே உள்ள பாத்திகளும் நோய் வந்தவை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை திலின மாதிரி வாடலை ஓரளவு தாங்கும் தக்காளி வகை கமநல சேவை நிலையத்தில் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

பால் இறங்கவில்லையா? ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வேரில் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் நூற்புழு. போஞ்சியிலும் கௌபியிலும் மட்டும் அவசரப்பட வேண்டாம். அவற்றின் வேரில் நல்ல முடிச்சும் உண்டு, அது காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுப்பது. நகத்தால் தட்டினால் கழன்று வந்தால் நல்லது. வேரே வீங்கி, பிரிக்க முடியாமல் இருந்தால் புழு. வேர் பழுப்பாக, நாற்றமடித்தால் அழுகல். டின்னிலும் உரப்பையிலும் வளர்க்கிறவர்களுக்கு அடியில் ஓட்டை இல்லாததால் பெரும்பாலும் இதுதான் நடக்கும்.

தண்ணீர் மண்ணில் இறங்காமல் உருண்டு ஓடுகிறது

இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது, பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, மண்ணே தண்ணீரை வெறுப்பது. நன்றாகக் காய்ந்த மண்ணில், முக்கியமாக யூக்கலிப்டஸ் சருகு விழுகிற இடத்தில், மண் துகள்களின் மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் பிடித்துவிடுகிறது. ஒரு சொட்டுத் தண்ணீரைக் காய்ந்த மண்ணில் வைத்துப் பாருங்கள். ஐந்து வினாடிக்கு மேல் முத்து மாதிரி உட்கார்ந்திருந்தால் படலம் இருக்கிறது. அப்போது ஒரு வாளியை ஒரேயடியாக ஊற்றினால் முக்கால் வாளி பக்கத்து வீட்டுக்குத்தான் போகும். மேல் மண்ணை முள்ளுக் கரண்டியாலோ குச்சியாலோ ஒரு அங்குலம் கிளறி, அரைக் கோப்பை தெளித்து, பத்து நிமிடம் விட்டு, அப்புறம் மிச்சத்தை மெதுவாக ஊற்றுங்கள். முதல் தெளிப்பு வழி திறக்கும், இரண்டாவது இறங்கும். நிரந்தர வைத்தியம் மக்கிய கூட்டெருவும் மண்ணைக் காய விடாமல் மூடி வைப்பதும்தான். வீட்டில் தேயிலைச் சக்கையைப் பச்சையாகவே பாத்தியில் கொட்டுகிற பழக்கம் நமக்கு உண்டு. அது காய்ந்தால் அப்பளம் மாதிரி இறுகி, தண்ணீரை மேலேயே நிறுத்திவிடும். கூட்டெருவில் போடுங்கள், அங்கே நல்ல சாமான்.

இரண்டாவது, சரிவு. பாத்தியை மேலிருந்து கீழாகப் போட்டிருந்தால் என்ன செய்தாலும் தண்ணீர் ஓடும். குறுக்காகப் போட வேண்டும், அதுவும் கண்மதிப்பில் வேண்டாம். ஆறடிக் கம்பு இரண்டை உச்சியில் கட்டி, நடுவில் ஒரு குறுக்குக் கம்பு வைத்து, உச்சியிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். ஓரிடத்தில் நிறுத்தி நூல் குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் கோடு போடுங்கள். அதே இடத்தில் கால்களை இடம் மாற்றி வைத்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் நூல் நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டம். இப்படி நடந்து நடந்து முளை அடித்துக்கொண்டே போனால் சமமட்டக் கோடு கிடைத்துவிடும். அந்தக் கோட்டில் கல் அடுக்குங்கள், கல் இல்லாவிட்டால் மானாப்புல்லைக் கட்டுக் கட்டாக வைத்து முளையடியுங்கள், அதன் மேற்பக்கம் பாத்தி.

இங்கே ஒன்றை நிறுத்திச் சொல்ல வேண்டும். சமவெளியில் இருக்கிறவர்கள் காட்டுகிற வீடியோவில் பெரிய குழி வெட்டி மழைநீரை மண்ணுக்குள் இறக்கச் சொல்வார்கள். வீட்டுக்கு மேலே இருக்கிற சரிவில் அதைச் செய்யாதீர்கள். ஓகஸ்டில் அந்தக் குழி ஒன்றும் செய்யாது. ஒக்டோபரில் இடிமழை தொடங்கி டிசம்பர் வரை கொட்டும்போது அத்தனை தண்ணீரையும் மலையின் வயிற்றுக்குள் இறக்கும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை ஊவாவில் யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. குழிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. மண்ணுக்குள் தண்ணீர் ஏறினால் சரிவு என்ன செய்யும் என்பதைச் சொல்கிறேன். நமக்குத் தேவை மேல் ஒரு அடி மண்ணின் ஈரம், அவ்வளவுதான். பழைய கான்களை, அதாவது மழைநீர் ஓடும் வாய்க்கால்களை, மூடி அதில் பாத்தி போடுவதும் இதே தவறு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் இடத்தை அபாயம் என்று குறித்திருந்தால் சரிவில் மண் வெட்டுகிற வேலையையே விட்டுவிட்டு, உரப்பையிலும் டின்னிலும் வளர்த்துக்கொள்ளுங்கள்.

காலையில் ஊற்றினேன், மறுநாளே காய்ந்துவிட்டது

மூடாத மண். ஊவாவில் காற்று வெயிலை விடக் கெட்டது. பாத்தி மேல் மூன்று அங்குலத்துக்குச் சருகோ புல்லோ பரப்புங்கள், இதுதான் மூடாக்கு. மானாப்புல் நல்லது, ஆனால் விதை கட்டும் முன் வெட்டியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருடம் நீங்கள் வளர்ப்பது மரக்கறி இல்லை, மானா. கௌத்தமாலா புல், கிளிரிசிடியா இலை, வாழைச் சருகு எதுவும் சரி. செடித் தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விடுங்கள். கறையான் வருகிற இடத்தில் குச்சி, கட்டை சேர்க்காமல் மெல்லிய இலையாகப் போடுங்கள்.

காற்று வரும் பக்கமாக ஒரு வரிசை மரவள்ளியோ கிளிரிசிடியாக் கம்போ நட்டால் உள்ளே இருப்பவை மூச்சு விடும். கட்டிச் சுவர் வேண்டாம், அதைத் தாண்டி விழுகிற காற்று சுழன்று அடிக்கும். கொஞ்சம் காற்றுப் போகிற வேலிதான் நல்லது.

அப்புறம் தயிர்ச் சட்டி. எருமைத் தயிர் வாங்கினால் வீட்டில் சேர்ந்துவிடுகிற அந்த மண் சட்டிதான். சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. வெளியே மண் காய்ந்தால் சட்டி தண்ணீரைக் கசியவிடும், ஈரமானால் தானே குறைத்துக்கொள்ளும். விளிம்பு மட்டும் வெளியே தெரிகிற மாதிரி பாத்தியில் புதைத்து, சுற்றி ஒரு சாண் தூரத்துக்குள் மூன்று நாலு செடி நடுங்கள். இன்னொரு சட்டியைக் கவிழ்த்து மூடுங்கள். மூடாவிட்டால் தண்ணீர் ஆவியாகும், அதோடு நுளம்புக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும், டெங்கு நமக்குத் தேவையில்லை. புதைக்கும் முன் ஒரு சோதனை: தண்ணீர் நிரப்பி வெயிலில் வையுங்கள். இரண்டு மணித்தியாலத்தில் வெளிப்பக்கம் கறுத்து ஈரமானால் நல்ல சட்டி. உலர்ந்தே இருந்தால் தயிர்க் கொழுப்புத் துளைகளை அடைத்திருக்கிறது. வெந்நீரில் ஊறவைத்துப் பொச்சால் தேய்த்துப் பாருங்கள், சவர்க்காரம் போடாமல். பிளாஸ்டிக் போத்தலில் ஊசித்துளை போட்டுக் கவிழ்ப்பதையும் செய்து பார்த்தேன். ஒரு வாரத்தில் மண் அடைத்துவிடுகிறது, எனக்குப் பிடிக்கவில்லை.

பூ உதிர்கிறது; தக்காளிக் காயின் அடி கறுக்கிறது

போஞ்சியும் தக்காளியும் 30 பாகையைத் தாண்டிய வெயிலிலும் காய்ந்த காற்றிலும் பூவைக் கொட்டும். பூக்கிற வாரங்களில் தண்ணீர் தவறாமல் கிடைத்தால் பாதியைக் காப்பாற்றலாம், முழுதாகக் காப்பாற்ற முடியாது. மத்தியானத்துக்கு மேல் நிழல் விழுகிற இடமாக மாற்றுவதுதான் உண்மையான வழி.

காயின் அடி தோல் மாதிரிக் கறுத்தால் அது நோய் இல்லை. கல்சியம் காய்க்குப் போய்ச் சேரவில்லை, பெரும்பாலும் தண்ணீர் ஒரு நாள் வெள்ளம் ஒரு நாள் பஞ்சம் என்று போனதால். முட்டைக்கோது போட்டு அந்தக் காயைத் திருத்த முடியாது. அதைப் பிடுங்கிப்போட்டு, தண்ணீரை ஒரே அளவாக்குங்கள். பழைய தேயிலை நிலம் என்றால் மண் புளித்திருக்கும், அங்கே கல்சியமும் குறைவு. அடுத்த போகத்துக்கு நடுவதற்கு இரண்டு வாரம் முன்பு சதுர மீட்டருக்கு ஒரு பெரிய கைப்பிடி டொலமைட் கலந்துவிடுங்கள்.

இலை சுருள்கிறது, புள்ளி புள்ளியாக வெளுக்கிறது

மிளகாயில் இலை மேல்நோக்கிப் படகு மாதிரிச் சுருண்டால் பனிப்பூச்சி. கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிற்றுண்ணி. போஞ்சியில் ஊசி குத்திய மாதிரி வெள்ளைப் புள்ளிகள் வந்து, இலையடியில் மெல்லிய வலை தெரிந்தால் சிவப்புச் சிற்றுண்ணி. ஒரு வெள்ளைத் தாளின் மேல் இலையைத் தட்டுங்கள், நகருகிற தூசி தெரியும். காய்ந்த காற்றும் இலைத் தூசியும் அதற்கு விருந்து. விடியற்காலையில் இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் அடித்துக் கழுவுவதை மூன்று நாளைக்கு ஒரு தடவை செய்யுங்கள். வீணாகிற தண்ணீர் இல்லை இது, கீழே பாத்திக்குத்தான் விழுகிறது. கண்ட பூச்சிமருந்தை அடித்தால் உண்ணியைத் தின்னுகிற பூச்சிகள்தான் முதலில் சாகும்.

இலை ஓரம் கருகுகிறது, மண்ணில் வெள்ளையாகப் பூக்கிறது

உப்பு. கூடுதல் உரமோ, உடுப்புக் கழுவிய தண்ணீரோ. கழிவு நீரைப் பாவிக்க வேண்டாம் என்று சொல்கிற வசதி வரட்சிக் காலத்தில் நமக்கு இல்லை, ஆனால் பிரித்துக்கொள்ளுங்கள். அரிசி, மரக்கறி கழுவியது எங்கும் போகலாம். குளித்த தண்ணீர், உடுப்பு அலசிய கடைசித் தண்ணீர் வாழைக்கும் மரத்துக்கும். சவர்க்காரத் தூள் நுரைத்த முதல் தண்ணீரும், வெளுப்பான் போட்டதும், பிள்ளைத் துணி கழுவியதும் வேண்டவே வேண்டாம். கீரைக்கும் பச்சையாகத் தின்னுகிற கரட், ராபுக்கும் எந்தக் கழுவிய தண்ணீரும் வேண்டாம், அரிசி, மரக்கறி கழுவியதைத் தவிர. வாளியில் மறுநாள் வரை வைத்திருக்காதீர்கள், நாறும்.

நாற்று நட்டதும் செத்துப்போகிறது

காலையில் நட்டிருப்பீர்கள். மாலையில் நட்டு, வாழை மட்டையை வளைத்து மூன்று நாள் குடை பிடியுங்கள்.

தண்ணீரே போதவில்லை

அப்படியானால் கணக்குப் போட வேண்டும், பாசத்தை ஓரமாக வைத்துவிட்டு. செடி நிறைந்த பாத்தி வரட்சியில் சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு நாலைந்து லீட்டர் கேட்கும். ஒரு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் நீளப் பாத்தி என்றால் 12 முதல் 15 லீட்டர், அதாவது ஒன்றரை வாளி. உங்களால் மூன்று வாளிதான் சுமக்க முடியும் என்றால் உங்களுக்கு இரண்டு பாத்தி, ஆறு இல்லை. முதலில் லீக்ஸ், கோவா, சலாது மாதிரி மேல்வேர்க்காரர்களை அறுவடை செய்து முடியுங்கள். கொத்தமல்லி எப்படியும் பூத்துவிடும். காய் பிடித்த செடிகளுக்கு முன்னுரிமை. வத்தாளைக் கிழங்கு, மரவள்ளி, கௌபி வேர் பிடித்த பிறகு பொறுத்துக்கொள்ளும், அவற்றுக்கு மூடாக்கு மட்டும் போதும்.

அடுத்த வருடத்துக்காக இப்போதே கூரையைப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டரில் ஒரு லீட்டர். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவின் தகரம் ஏறக்குறைய 11 சதுர மீட்டர், எனவே 10 மில்லிமீட்டர் மழையில் 110 லீட்டர். சிந்தியது போக 90 வந்தாலும் ஒரு பீப்பாயில் பாதிக்குக் கிட்ட. அடுப்புப் புகை படிந்த முதல் மழைத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டுப் பிடியுங்கள். பீப்பாயின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டுங்கள்.

மழை வந்த மறுநாள் தக்காளி வெடிக்கிறது

ஒக்டோபரின் முதலாவது இடிமழைக்கு இது கட்டாயம் நடக்கும். காய்ந்து கிடந்த செடி ஒரே இரவில் குடித்துவிடுகிறது, தோலால் தாங்க முடியவில்லை. வானம் கறுக்கிற வாரத்தில் நிறம் திரும்பிய காயெல்லாம் பிடுங்கி வீட்டுக்குள் பழுக்க வையுங்கள். அதே வாரத்தில் பாதி மூடாக்கை இழுத்து ஓரமாக்குங்கள், இல்லாவிட்டால் நத்தை குடியேறும். கான்களில் அடைத்திருக்கிற சருகை வாரி வெளியே எடுங்கள். புதைத்த தயிர்ச் சட்டிகளைக் கிளப்பிக் கழுவி, கவிழ்த்து, இஸ்தோப்பில் அடுக்கிவிடுங்கள்.